உடற்பயிற்சிக் காலணி

உடற்பயிற்சிக் காலணி என்பது நடை, ஓட்டம், விளையாட்டு முதலியவற்றின்போது பாதத்தைக் காப்பதற்காக அணியப்படும் மூடிய காலணி ஆகும். பேச்சு வழக்கில் இது ஷூ, ஸ்போர்ட்ஸ் ஷூ, கேன்வாஸ் எனப் பலவாறு அழைக்கப்படுகிறது. தரையில் பாதம் மோதும்போது எழும் அதிர்வைத் தாங்கும் மெத்தென்ற அடுக்கைக் கொண்டிருப்பது இதன் சிறப்பியல்பாகும். சில நூறு ரூபாய் முதல் இருபதாயிரம் ரூபாய்க்கு மேலும் இவை விற்கப்படுகின்றன. விலை கூடக்கூடப் பாதத்திற்கு நன்மையும் கூடும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. எனினும், இதுவரை நடந்த ஆய்வுகள் இவ்வெண்ணத்தை உறுதி செய்யவில்லை. நீளமும் அகலமும் பொருந்துவது, அணிந்து நடக்கும்போது இதமாக இருப்பது ஆகிய இரண்டுமே தேர்வில் முதன்மையானவை.

இக்கட்டுரையில் உள்ளூர் நிலைமைகளுக்கு எடுத்துக்காட்டாக தமிழ்நாட்டின் விழுப்புரம், திண்டிவனம் ஆகிய நகரங்கள் கொள்ளப்பட்டுள்ளன. பாத அளவைக் கருவியால் அளந்து காட்டும் சிறப்புக் கடைகள் பெருநகரங்களிலேயே மிகுதி. இவ்விரு நகரங்களைப் போன்ற ஊர்களில் வாங்குபவர் தாமே அளந்து, தாமே தேர்ந்தெடுக்க வேண்டியுள்ளது.

பயன்படுத்துவோர்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் உடற்பயிற்சிக் காலணி வாங்குவோரை மூன்று பெரும் பிரிவினராகக் கொள்ளலாம். பள்ளி, கல்லூரி மாணவர்கள் ஒரு பிரிவினர். மருத்துவர் அறிவுரையின் பேரில் காலையிலோ மாலையிலோ நடப்போர் மற்றொரு பிரிவினர். தமிழ்நாடு அரசு 2023ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தின் கீழ், மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நீள நடைபாதை தெரிவு செய்யப்பட்டது. இதன் பின்னர் நடைப்பயிற்சி பற்றிய பேச்சு சிறு நகரங்களிலும் கூடியது.

மூன்றாம் பிரிவினர் காவல்துறை, தரைப்படை ஆகியவற்றின் ஆட்தேர்வுக்கு ஆயத்தமாகும் இளைஞர்கள். காலணித் தேர்வில் கூடுதல் கவனம் தேவைப்படுவோர் இவர்களே. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையத்தின் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்திலும், பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 நொடியிலும் ஓடி முடிக்க வேண்டும். விழுப்புரம் காகுப்பத்தில் உள்ள ஆயுதப்படை மைதானத்தில் இத்தகைய உடல்தகுதித் தேர்வுகள் நடைபெறுவதுண்டு. பல மாதங்கள் வெறுங்காலுடனோ தேய்ந்த காலணியுடனோ பயிற்சி செய்துவிட்டு, தேர்வுக்கு முந்தைய வாரம் புதுக்காலணி வாங்கி அணிவது சிலரது வழக்கம். இது தவறான முறையாகும். பழகாத காலணி கொப்புளத்தை உண்டாக்கினால், ஓராண்டு உழைப்பு அந்த ஏழு நிமிடத்தில் வீணாகும். புதிய காலணியைக் குறைந்தது மூன்று, நான்கு வாரங்களுக்கு முன்பே வாங்கிப் பழக்கிக் கொள்ள வேண்டும்.

வரலாறு

அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839இல் ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கி உறுதியாக்கும் முறையைக் கண்டறிந்தார். துணி மேற்பகுதியும் ரப்பர் அடிப்பகுதியும் கொண்ட காலணிகள் பெருகுவதற்கு இதுவே வழிவகுத்தது. கன்வர்ஸ் நிறுவனத்தின் ஆல் ஸ்டார் காலணி 1917இல் வெளிவந்தது. இந்தியாவில் பாட்டா நிறுவனம் கொல்கத்தா அருகே பாட்டாநகரில் தயாரித்த வெள்ளைக் கேன்வாஸ் காலணி, பல தலைமுறை மாணவர்களுக்கு உடற்கல்வி வகுப்பின் அடையாளமாக இருந்தது. சுண்ணக்கட்டியைக் குழைத்துப் பூசி அதனை வெளுப்பாக்கியது பலருக்கும் நினைவிருக்கும்.

1970களின் நடுப்பகுதியில் எத்திலீன் வினைல் அசிட்டேட் எனப்படும் இலேசான நுரைப்பொருள் காலணிகளில் புகுந்தது. இன்றைய ஓட்டக் காலணியின் தொடக்கம் இதுவே எனலாம். காலணி இன்றியமையாதது அல்ல என்போர், 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியரான அபெபெ பிகிலா வெறுங்காலுடன் மாரத்தான் ஓடி வென்றதைச் சுட்டுவர். அவரே 1964இல் டோக்கியோவில் காலணி அணிந்து மீண்டும் வென்றார் என்பதை அவர்கள் பெரும்பாலும் குறிப்பிடுவதில்லை.

அமைப்பு

உடற்பயிற்சிக் காலணி மூன்று முதன்மைப் பகுதிகளைக் கொண்டது. பாதத்தைப் போர்த்தும் மேற்பகுதி தொழில்துறையில் அப்பர் எனப்படுகிறது. தரையைத் தொடும் வெளி அடி ரப்பராலோ அதனையொத்த பொருளாலோ ஆனது. இவற்றிற்கு இடைப்பட்ட நடு அடியே அதிர்வைத் தாங்குவது. இது பெரும்பாலும் எத்திலீன் வினைல் அசிட்டேட் (சுருக்கமாக ஈ.வி.ஏ.) அல்லது பாலியூரித்தேன் நுரையால் செய்யப்படுகிறது. உள்ளே கழற்றக்கூடிய மெத்தைத் தட்டு ஒன்றும் இருக்கும். குதிகாலைச் சுற்றியுள்ள விறைப்பான பகுதி பாதம் பக்கவாட்டில் சரியாமல் காக்கிறது.

மிக மலிவான காலணிகளில் நடு அடியும் வெளி அடியும் ஒரே வார்ப்பாக இருக்கும். இவை எடை குறைந்தவை, நடைக்குப் போதுமானவை. ஆனால் ரப்பர் அடுக்கு இல்லாததால் தார்ச்சாலையில் விரைவில் தேய்வதுடன், ஈரமான ஓட்டுத் தரையில் வழுக்கவும் செய்யும்.

விலையும் பயனும்

விலைக்கும் பயனுக்கும் உள்ள தொடர்பை நேரடியாகச் சோதித்த ஆய்வு ஒன்று ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் நடந்தது. கிளிங்கன் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் நடத்திய இவ்வாய்வின் முடிவுகள் 2008இல் பிரித்தானிய விளையாட்டு மருத்துவ ஆய்விதழில் வெளியாயின. மூன்று நிறுவனங்களின் காலணிகள் 40–45, 60–65, 70–75 பவுண்டு என மூன்று விலை நிலைகளில் எடுக்கப்பட்டு, 43 ஆண்களுக்கு அணிவிக்கப்பட்டன. விலை தெரியாதபடி காலணிகள் மறைக்கப்பட்டிருந்தன. பாதத்தில் பதியும் அழுத்தத்திலும், அணிந்தவர் உணர்ந்த இதத்திலும் விலைக்கேற்ற வேறுபாடு காணப்படவில்லை.

இம்முடிவை அளவுக்கு மீறி நீட்டிப் பொருள் கொள்ளுதல் கூடாது. அங்கு மலிவானது எனப்பட்டதும் பெயர்பெற்ற நிறுவனம் ஓட்டத்திற்கென்றே செய்த காலணிதான். எனவே முந்நூறு ரூபாய்க் காலணியும் ஏழாயிரம் ரூபாய்க் காலணியும் ஒன்றே என்று இதிலிருந்து முடிவு கட்ட இயலாது. ஓட்டத்திற்கென முறையாக வடிவமைக்கப்பட்ட ஒரு காலணியின் அடிப்படை விலையைத் தாண்டிச் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் பயன் கூடிக்கொண்டே போகாது என்பதே இதன் பொருள். இந்தியச் சந்தையில் கேம்பஸ், ஸ்பார்க்ஸ், ஏசியன், நிவியா, பாட்டாவின் பவர் முதலிய பெயர்களில் கிடைக்கும் காலணிகளுள் ஏறத்தாழ ஆயிரம் ரூபாய்க்கும் இரண்டாயிரம் ரூபாய்க்கும் இடைப்பட்டவை அன்றாட நடைக்கும் மிதமான ஓட்டத்திற்கும் ஏற்றவையாக உள்ளன. கார்பன் இழைத் தகடு பொருத்தப்பட்ட விலையுயர்ந்த காலணிகள் நீண்ட தொலைவுப் பந்தயங்களுக்கு உரியவை. 1500 மீட்டருக்குப் பயிற்சி பெறும் ஒருவர் அவற்றுக்காகக் கடன்படத் தேவையில்லை.

பாதத்தின் வளைவை நோக்கி, தட்டைப் பாதத்திற்கு ஒருவகை, உயர்ந்த வளைவிற்கு மற்றொரு வகை எனக் காலணி பரிந்துரைக்கும் முறை நெடுங்காலம் நிலவியது. அமெரிக்கத் தரைப்படை, வான்படை, கடற்படைவீரர் பயிற்சி முகாம்களில் ஜோசப் நாபிக் குழுவினர் இதனைச் சோதித்தனர். வளைவிற்கேற்பக் காலணி பெற்றவர்களுக்கும், வளைவைப் பாராமல் ஒரே வகைக் காலணி பெற்றவர்களுக்கும் காய விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

மாறாக, கனடாவின் கால்கரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. 206 படையினர் கலந்துகொண்ட அந்த ஆய்வில், ஒரு பிரிவினர் ஆறு வகை உள்மெத்தைகளுள் தமக்கு மிக இதமானதைத் தாமே தெரிவு செய்தனர். நான்கு மாத முடிவில் இவர்களுக்கு ஏனையோரைவிட வலியும் எலும்பு நுண்முறிவும் குறைவாக இருந்தன. அனைவரும் ஒரே மெத்தையைத் தெரிவு செய்யவில்லை என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. இவ்வாய்வில் பங்குகொண்ட பென்னோ நிக் 2015இல் உடன் ஆய்வாளர்களோடு எழுதிய கட்டுரையில், இத உணர்வையே தேர்வுக்கான வடிகட்டியாகக் கொள்ளலாம் என முன்மொழிந்தார். நண்பருக்குப் பொருந்திய காலணி தமக்கும் பொருந்தும் என நம்பி வாங்குவது ஏன் பிழையாகிறது என்பதையும் இது விளக்குகிறது.

அளவு

காலணி வாங்குவதில் நிகழும் பிழைகளுள் பெரும்பாலானவை அளவைச் சார்ந்தவை. இந்தியாவில் பிரித்தானிய அளவுமுறை பரவலாக வழங்குகிறது. பெட்டியில் ஐரோப்பிய, அமெரிக்க எண்களும் அச்சிடப்பட்டிருக்கும். இம்முறைகள் அனைத்தும் பாதத்தின் நீளத்தை அன்றி, காலணி வார்க்கப்படும் அச்சின் நீளத்தையே அடிப்படையாகக் கொண்டவை. பிரித்தானிய முறையில் ஓர் அளவு என்பது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர். ஐரோப்பிய முறையில் ஓர் அளவு 6.67 மில்லிமீட்டர்.

வீட்டிலேயே அளப்பது எளிது. சுவரில் குதிகால் படும்படி ஒரு தாளின் மீது நின்று, மிக நீண்ட விரலின் நுனியைக் குறிக்க வேண்டும். பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீண்டிருப்போரும் உளர். இரு பாதங்களையும் அளந்து பெரியதைக் கொள்ள வேண்டும். மாலையில் பாதம் சற்று வீங்கியிருப்பதால் அளக்கவும் வாங்கவும் அதுவே ஏற்ற நேரம்.

எடுத்துக்காட்டாக, பாத நீளம் 25.5 செ.மீ. எனக் கொள்வோம். விரல்கள் முன்னே நகர 1.5 செ.மீ. சேர்த்தால் அச்சின் நீளம் 27 செ.மீ., அதாவது 10.63 அங்குலம். இதனை மூன்றால் பெருக்கி 25ஐக் கழித்தால் 6.9 கிடைக்கும். எனவே பிரித்தானிய அளவு 7. அதே 27ஐ ஒன்றரையால் பெருக்கினால் 40.5 வரும். எனவே ஐரோப்பிய அளவு 41. நிறுவனத்திற்கு நிறுவனம் அச்சு வேறுபடுவதால் இக்கணக்கு தொடக்கப் புள்ளியே அன்றி முடிவு அன்று. இணையத்தில் வாங்குவோர் எண்ணைவிட, விற்பவர் தரும் சென்டிமீட்டர் அட்டவணையைப் பார்ப்பது நலம்.

நீளத்தைவிடச் சிக்கலானது அகலம். சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை, நாட்டின் 79 இடங்களில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேரின் பாதங்களை முப்பரிமாண வருடியால் அளந்தது. இந்தியர்களின் பாதம் ஐரோப்பியர், அமெரிக்கர் பாதத்தைவிடப் பொதுவாக அகலமானது என இதில் தெரியவந்தது. இதன் அடிப்படையில் இந்தியாவிற்கெனத் தனி அளவுமுறை ஒன்று முன்மொழியப்பட்டு, பாரதம் என்ற சொல்லின் முதலெழுத்தைக் கொண்டு 'பா' எனப் பெயரிடப்பட்டது.

குறுகிய அச்சில் செய்த காலணி பக்கவாட்டில் இறுக்குவதால் பலர் ஓர் அளவு பெரிதாக வாங்குகின்றனர். அப்போது முன்பகுதி பொருந்தினாலும் குதிகால் தளர்ந்துவிடும். அதனைச் சரிசெய்ய நாடாவை இறுக்கிக் கட்ட, பாதத்தின் மேற்புறம் வலிக்கத் தொடங்கும். இத்தகையோர் அளவைக் கூட்டுவதைவிட, முன்பகுதி அகன்ற வேறு வடிவைத் தேடுவதே சரியான தீர்வு. பெண்களுக்கான காலணிகள் பொதுவாகக் குறுகலாகவே செய்யப்படுவதால், அகன்ற பாதமுடைய பெண்கள் தம் அளவு கிடைக்குமாயின் ஆண்கள் பிரிவிலும் தேடலாம். சில கடைகளில் இதனை விரும்பாமல் மறுப்பர். ஆனால் இதில் எவ்விதத் தவறும் இல்லை.

கடையில் சோதித்தல்

விழுப்புரம் நேருஜி சாலையிலும் திண்டிவனத்தின் கடைத்தெருவிலும் உள்ள காலணிக் கடைகளில் பெரும்பாலும் உட்கார்ந்த நிலையிலேயே காலணி அணிந்து பார்க்கப்படுகிறது. உடல் எடை பாதத்தில் இறங்கும்போது பாதம் நீண்டு அகலும் என்பதால் நின்றும் நடந்தும் பார்ப்பது இன்றியமையாதது. பயிற்சியின்போது அணியும் காலுறையையே அணிந்து, இரண்டு காலிலும் போட்டுப் பார்க்க வேண்டும். மிக நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்திற்கு இடைவெளி இருக்க வேண்டும். நடக்கும்போது குதிகால் எழும்பி நழுவக்கூடாது. 'போடப்போடச் சரியாகிவிடும்' என்பது தோல் செருப்புக்குப் பொருந்தலாம். செயற்கை இழையாலான காலணி அந்த அளவிற்கு இளகுவதில்லை.

காலணியின் முன்பகுதியை மடக்கினால், விரல்கள் மடங்கும் இடத்தில் அது மடங்க வேண்டும். நடுவில் மடங்கும் காலணி பாதத்தைத் தாங்காது. சமமான மேசையில் வைத்தால் ஒருபக்கம் சாயாமல் நிற்க வேண்டும். பசையின் கசிவும் விளிம்பு இடைவெளியும் இருக்கின்றனவா எனவும் நோக்க வேண்டும். உலகப் பெயர்களின் போலிகள் 'ஃபர்ஸ்ட் காப்பி' என்ற பெயரில் நடைபாதைகளில் விற்கப்படுகின்றன. அதே விலைக்குப் பெயர் அறியப்பட்ட இந்திய நிறுவனத்தின் அசல் காலணியை வாங்குவது மேலானது. போலியில் முத்திரை மட்டுமே ஒத்திருக்கும். நடு அடியில் உள்ள நுரை கண்ணுக்குத் தெரியாது.

நீரிழிவு நோயாளர்

இதமே அளவுகோல் என்ற விதி ஒரு பிரிவினருக்குப் பொருந்தாது. நீரிழிவால் பாத நரம்புகள் பாதிக்கப்பட்டவர்களுக்கு உணர்ச்சி குறைந்திருப்பதால், இறுக்கும் காலணியும் அவர்களுக்கு இதமாகவே தோன்றும். உராய்வால் தோன்றும் சிறு புண் உணரப்படாமலே பெரிதாகி, விரலையோ காலையோ அகற்றும் நிலைவரை செல்லக்கூடும். இவர்கள் தாளில் பாதத்தின் சுற்றுக்கோட்டை வரைந்து வெட்டி, அதனைக் காலணிக்குள் இட்டு, ஓரங்கள் மடிகின்றனவா எனப் பார்த்தே வாங்க வேண்டும். முதல் நாட்களில் அரைமணி, ஒருமணி என அணிந்து, கழற்றியவுடன் பாதம் சிவந்துள்ளதா எனக் கண்ணால் காண வேண்டும். ஒவ்வொரு முறை அணியுமுன்பும் உள்ளே கைவிட்டுக் கல், முள் இருக்கிறதா எனத் தடவிப் பார்க்க வேண்டும்.

ஏற்கெனவே புண் ஏற்பட்டவர்களும், பாத வடிவம் மாறியவர்களும் கடைக் காலணியைத் தவிர்த்து மருத்துவரை நாட வேண்டும். நுண்துளை ரப்பரால் ஆன எம்.சி.ஆர். செருப்பு இத்தகையோருக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. இது தமிழ்நாட்டிலேயே வேர்கொண்ட ஒன்று. வேலூரில் தொழுநோயாளரிடையே பணியாற்றிய மருத்துவர் பால் பிராண்டும் அவருடன் இருந்தோரும் உணர்ச்சியற்ற பாதங்களுக்காக இவ்வகைக் காலணியை உருவாக்குவதில் முன்னோடிகளாக இருந்தனர்.

தரையும் தட்பவெப்பமும்

இவ்வட்டாரத்தில் பலர் ஏரிக்கரைகளிலும் செம்மண் பாதைகளிலும் ஓடுகின்றனர். மண் தரை அதிர்வைக் குறைப்பதால் நல்லதே. ஆனால் சீமைக்கருவேல முள் மெல்லிய நுரை அடியை ஊடுருவிவிடும். இங்கு ரப்பர் வெளி அடி முழுமையாகப் பரவிய காலணியே பாதுகாப்பானது. நெடுஞ்சாலை ஓரம் விடியற்காலையில் ஓடுவோருக்கு ஒளியைத் திருப்பும் பட்டை கொண்ட காலணி உதவும்.

சித்திரை, வைகாசி மாதங்களில் வலைப்பின்னல் மேற்பகுதி வியர்வையை வெளியேற்றும். அக்காலத்துத் தார்ச்சாலைச் சூட்டில் மலிவான காலணியின் பசை இளகி, அடி பிரிவது உண்டு. வாங்கியவுடனே செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து அடியைச் சுற்றித் தைத்துக் கொள்ளும் வழக்கம் இதனாலேயே ஏற்பட்டது. சிறு செலவில் காலணியின் ஆயுளைக் கூட்டும் இம்முறை, தடித்த விளிம்புடைய அடிகளுக்கே ஏற்றது. காற்றுப்பை உள்ளவற்றில் ஊசி படக்கூடாது.

அருகமை உற்பத்தி

திண்டிவனத்திலிருந்து வந்தவாசி வழியாகச் சென்றடையக்கூடிய செய்யாறு சிப்காட் வளாகத்தில், தைவானின் ஃபெங் டே குழுமத்தைச் சேர்ந்த லோட்டஸ் புட்வேர் நிறுவனம் நைக்கி நிறுவனத்திற்காகக் காலணிகளைத் தயாரிக்கிறது. தொழிலாளருள் பெரும்பான்மையோர் சுற்றுவட்டார ஊர்களைச் சேர்ந்த பெண்கள். 2021இல் தமிழ்நாடு அரசுடன் இந்நிறுவனம் செய்துகொண்ட புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் செய்யாறு, பர்கூர் ஆகியவற்றுடன் திண்டிவனமும் இடம்பெற்றது. 2022இல் தமிழ்நாடு அரசு காலணி மற்றும் தோல் பொருட்களுக்கெனத் தனிக் கொள்கையை வெளியிட்டது. உலகச் சந்தைக்கான காலணி அருகிலேயே தைக்கப்படினும், அது உள்ளூர்க் கடைக்கு வரும்போது உலகச் சந்தையின் விலையிலேயே வருகிறது.

வரியும் தர முத்திரையும்

2025 செப்டம்பர் 22 முதல், இணை ஒன்றுக்கு 2,500 ரூபாய் வரையுள்ள காலணிகளுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 5 விழுக்காடாகவும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 18 விழுக்காடாகவும் உள்ளது. வரிக்கு முன் 2,500 ரூபாயாக உள்ள காலணி 2,625 ரூபாய்க்குக் கிடைக்கும். 2,600 ரூபாயாக உள்ளது 3,068 ரூபாய் ஆகிவிடும். நூறு ரூபாய் வேறுபாடு 443 ரூபாயாக வளர்வதால், எல்லைக்கு அருகில் உள்ளவற்றை வாங்குவோர் இதனைக் கருத்தில் கொள்ளலாம்.

விளையாட்டுக் காலணிகளுக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 15844 ஆகும். காலணிகளுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணை 2024இல் நடைமுறைக்கு வந்ததை அடுத்து, ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் காலணியிலோ பெட்டியிலோ காணலாம். சிறு தொழிற்கூடங்களுக்குச் சில விலக்குகள் உண்டு. முத்திரை பொருளின் உறுதிக்குச் சான்றாகுமே அன்றி, பொருத்தத்திற்குச் சான்று ஆகாது.

பராமரிப்பும் மாற்றமும்

நனைந்த காலணியினுள் செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்த வேண்டும். கடும் வெயிலில் வைத்தால் ஈ.வி.ஏ. நுரை சுருங்கி அளவு குறையக்கூடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் ஒரே காலணியை நாள்தோறும் அணிவோருக்கு அது முழுமையாக உலர நேரம் இருப்பதில்லை. பாதப் பூஞ்சைத் தொற்றுக்கு இது வழிசெய்கிறது. ஒரு விலையுயர்ந்த காலணிக்கு மாற்றாக இரண்டு மிதவிலைக் காலணிகளை மாற்றி மாற்றி அணிவது இவ்வகையில் ஏற்றது.

பாலியூரித்தேன் அடி கொண்ட காலணிகளைப் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் அவை காலப்போக்கில் காற்றின் ஈரத்தால் சிதைந்து, ஒருநாள் திடீரெனப் பொடிப்பொடியாக உதிரும். கடலோரத்தை ஒட்டிய மரக்காணம் பகுதியின் ஈரக்காற்று இதனை விரைவுபடுத்தும். ஆகவே பெரும் தள்ளுபடியில் விற்கப்படும் பழைய இருப்பை வாங்குமுன் பெட்டியில் அச்சிடப்பட்ட உற்பத்தி மாதத்தையும் ஆண்டையும் பார்க்க வேண்டும்.

ஓட்டக் காலணியின் ஆயுள் 500 முதல் 800 கிலோமீட்டர் எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. நாள்தோறும் 4 கிலோமீட்டர் ஓடுபவருக்கு இது நான்கு முதல் ஆறரை மாதங்கள் ஆகும். நடப்பவர்களுக்கு இதைவிடக் கூடுதலாக வரும். வெளி அடியின் வரிகள் தேய்ந்து வழவழப்பாவது, நடு அடியில் நிலையான மடிப்புகள் தோன்றுவது, பின்புறமிருந்து நோக்கும்போது காலணி உட்புறமோ வெளிப்புறமோ சாய்ந்திருப்பது ஆகியவை மாற்ற வேண்டியதன் அறிகுறிகள். மேற்பகுதி புதிது போல் இருந்தாலும் முழங்காலிலோ கெண்டைக்காலிலோ முன்பில்லாத வலி தோன்றினால், முதலில் ஐயுற வேண்டியது நடு அடியையே.